பாடுமுன்னே கைதட்டல்

தேவிப்ரியா வாயைத் திறப்பதற்கு முன்பே ஜனங்கள் கைதட்டி முடித்துவிடுவார்கள். அப்புறம் அவள் என்ன பாடினால் என்ன?

கீழ்பென்னாத்தூர்க்காரி. சின்ன வயதிலிருந்தே இரண்டு காலும் வராது, சக்கர நாற்காலிதான். பதினெட்டு வயதில் எங்கள் மெல்லிசைக் குழுவில் சேர்ந்தாள். இப்போது இருபத்தொன்பது ஆகிறது. நான் முருகவேல், அதே குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன்.

கல்யாண மண்டபத்து மேடைகளுக்கெல்லாம் படிதான். நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்குவார்கள். எங்கள் முதலாளி சக்கரபாணி உடனே மைக்கைப் பிடித்துக்கொண்டு, தன்னம்பிக்கையின் சிகரம் என்று ஆரம்பித்துவிடுவார். முன்வரிசையில் கர்ச்சீப்புகள் வெளியே வரும். சாய்வாக ஒரு பலகை போட்டால் நானே உருட்டிக்கொண்டு ஏறிவிடுவேன் என்று அவளும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். வேங்கிக்காலில் ஒரு வரவேற்புக்கு நானே பலகை கொண்டுபோய்ப் போட்டேன். அவள் பாட்டுக்கு ஏறி மைக் முன்னால் வந்துவிட்டாள். ஒருத்தரும் கைதட்டவில்லை. சக்கரபாணி முகம் போன போக்கைப் பார்க்கணுமே! மறுநாளே பலகையை வேனிலிருந்து இறக்கிப் போட்டார்.

"ஜனங்களுக்கு ஒரு ஃபீலிங் வேணாமாப்பா?" என்றார் என்னிடம்.

செங்கம் ரோட்டு கஃபே ஒன்றில், ஆசிரமத்துக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரம்மா இவள் பாட்டைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். பாடியது குத்துப்பாட்டு.

தேவிப்ரியாவுக்கோ இருந்தது ஒரே ஆசை. சினிமாப் பாட்டில் கோரஸாவது பாடிவிட வேண்டும். சென்னையில் புதிதாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் திறந்து, சாய்தளம், லிஃப்ட் எல்லாம் வைத்து, கோரஸ் பாட ஆள் தேடினார்கள். பெயர் வேண்டாம், போட்டோ வேண்டாம், குரலை மட்டும் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினாள். பத்து நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ரிகர்சலில் இருந்தபோது பதில் வந்தது. சரணத்தில் சுருதி இறங்குகிறது, சரிசெய்து ஆறு மாதம் கழித்து அனுப்பவும் என்று இரண்டே வரி.

சக்கரபாணி தாம்தூம் என்று குதித்தார். இரக்கம் கெட்ட பசங்க, கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்காமல் விடமாட்டேன் என்றார். குழுவே சேர்ந்து அந்தக் கூடத்தைத் திட்டித் தீர்த்தது. அவள் மட்டும் என் பக்கம் திரும்பினாள்.

"எறங்குதாண்ணா?"

"ஆமா."

"எப்பலருந்து?"

"மொதல்லருந்தே."

 குழுவின் இன்னொரு பாடகியான கவிநிலாவைக் கை காட்டினாள்.

"இவ சுருதி விட்டா வாசிக்கறத நிறுத்திட்டுத் திட்றீங்க. போன வாரம்கூட அழ வச்சீங்க. பதினோரு வருஷத்துல என்னை மட்டும் ஒரு தடவகூட ஏண்ணா திட்டல?"

'பாவம்னுதான்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.