வெயில் பக்கத்துக் கோர்ட்

எங்கள் கோர்ட்டின் கூரையில் ஓர் இரும்பு வளையம் தொங்கும். கயிற்றால் இழுத்து ஆட்டும் பங்கா விசிறி கட்டுவதற்காக வைத்தது. மதுரையின் சித்திரை வெயிலில் அதன் அருமை தெரியும். எங்கள் கோர்ட் இருந்ததோ கொடைக்கானலை ஒட்டிய ஒரு மலையூரில். பங்குனியிலும் கம்பளி இல்லாமல் தலைகாட்ட முடியாது. ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கட்டியவர்களின் பேரன் பேத்திகள் எங்காவது சந்தோஷமாக இருப்பார்கள், இருக்கட்டும். அண்மையில் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கோர்ட் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. வளையம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கட்டடம் வெள்ளைக்காரர் காலத்தது. அதற்கு முன்னால் ஒரு பாதிரியாரின் பங்களாவில் வாடகைக்குக் கோர்ட் நடந்ததாம். அங்கே குளிர்காயக் கணப்பு இருந்ததால் சாட்சி சொல்ல வந்தவர்கள் சொல்லி முடித்தும் கூண்டைவிட்டு இறங்க மாட்டார்களாம். சொந்தக் கட்டடம் என்று வந்தபோது, சமவெளியில் எல்லாக் கோர்ட்டுக்கும் போட்ட வரைபடத்தை அப்படியே மலையேற்றிவிட்டார்கள். உயரமான கூரை, சூடு வெளியேறச் சுவரின் உச்சியில் காற்றுத் துளைகள், வெயில் படாமல் வடக்கு பார்த்த அகலமான வராந்தா. பழனியில் அது சொர்க்கம். எங்களுக்கோ மேகம் அந்தத் துளைகளின் வழியே உள்ளே வந்து, வழக்கைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போகும். கணப்பு கிடையாது. வெயில் விழும் தெற்குச் சுவரில் வாசலும் கிடையாது. ஒரே ஒரு ஜன்னல்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முன்சீப் ஐயா பரமக்குடிப் பக்கத்துக்காரர். கறுப்பு அங்கிக்குள் கோட்டு, கோட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர். ஆள் உண்மையில் எவ்வளவு பருமன் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நல்ல மனிதர், ஆனால் முறை தவறாதவர். டவாலி வராந்தாவில் நின்று மூன்று முறை பெயரைக் கூப்பிட வேண்டும். வழக்குப் போட்டவர் வரவில்லை என்றால் வழக்கு தள்ளுபடி. குளிர்காலத்தில் இப்படித் தள்ளுபடியாகும் வழக்குகள் ஏராளம். "மலைச்சனத்துக்கு நேரங்காலம் தெரியாதுங்கய்யா" என்பார் தலைமை எழுத்தர். ஐயாவும் அதை நம்பினார்.

ஒரு தை மாதம் கவுஞ்சி கிராமத்துக்காரி ஒருத்தியின் வழக்கு வந்தது. புருஷன் போனபின் அவளுக்கு மிஞ்சியது பூண்டு போடும் ஓர் அடுக்கு நிலம். அதையும் கொழுந்தன் தன் வரப்போடு சேர்த்துக்கொண்டான். முந்தைய மார்கழியில் அவள் வரவில்லை என்று ஒருமுறை தள்ளுபடியாகி, வக்கீல் மனுப் போட்டு மீட்ட வழக்கு. மறுபடியும் தள்ளுபடியானால் நிலம் கொழுந்தனுக்குத்தான். டவாலி காதோடு வாயையும் மப்ளரால் சுற்றிக்கொண்டு, மேகத்தைப் பார்த்து மூன்று முறை கூப்பிட்டார். யாரும் வரவில்லை. ஐயா தள்ளுபடி என்று எழுதப் பேனாவை எடுத்தார். விரல் மடங்கவில்லை. ஊதிப் பார்த்தார், தேய்த்துப் பார்த்தார். கடைசியில் எழுந்துவிட்டார். "கொஞ்சம் வெயில்ல நின்னுட்டு வந்து எழுதுவோம். நீயும் வாம்மா, ஒனக்கும் கை வெறச்சிருக்கும்" என்றார்.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனோம். காய்ந்த கல்சுவரில் முதுகைச் சாய்த்தபடி மொத்தக் கோர்ட்டும் அங்கே உட்கார்ந்திருந்தது. கவுஞ்சிக்காரி, அங்கியை மடித்து மடியில் வைத்திருந்த அவள் வக்கீல், பக்கத்திலேயே கொழுந்தன். வெயில் விழும் இடம் குறுகல் என்பதால் எதிரிகள் ஒட்டித்தான் உட்கார வேண்டியிருந்தது. அவள் அவித்துக் கொண்டுவந்த உருளைக்கிழங்கை அவன் தின்றுகொண்டிருந்தான். வழக்கு வேறு, பசி வேறு.

"கூப்பிட்டது கேக்கலையா?" என்றார் ஐயா அவளிடம்.

"எங்கன சாமி கூப்பிட்டாக? வெள்ளனே வந்து இங்கனதான கெடக்கோம்."

"முன்பக்க வராந்தாவுல."

அவள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அது பின்பக்கமுல்ல? வெயிலு விழுகுற பக்கந்தான சாமி வாசலு வப்பாக?"

ஐயா சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவரும் சுவரோரம் சாய்ந்து நின்று கையைக் காயவிட்டார். முகம் தொங்கிப்போயிருந்தது. "எத்தன பேர வரலன்னு அனுப்பியிருக்கோம்" என்றார் என்னிடம். எனக்கும் மனசு கனத்தது. டவாலியை வரவழைத்து அங்கேயே கூப்பிடச் சொன்னார். முறை என்றால் முறை; டவாலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவளை மூன்று முறை முழுத்தொண்டையில் கூப்பிட்டார். அவளும் மூன்று முறையும் "இங்கனதான இருக்கேன்" என்றாள்.

சட்டம் இடம் கொடுத்த வரை, தள்ளுபடியான வழக்குகளை ஐயா திரும்ப எடுத்தார். தெற்கே ஒரு வாசல் வைக்க வேண்டும் என்று எழுதிப் போட்டார். குரங்குக் குல்லாயும் சால்வையுமாக ஓர் இன்ஜினியர் வந்து, நடுங்கிக்கொண்டே அளந்தார். வரைபடத்தில் வாசல் இல்லை, ஆனால் மின்விசிறி கொடுக்க வழி இருக்கிறது என்றார். அன்று சிரித்த சிரிப்பு எனக்கு வாரக்கணக்கில் போதுமாயிருந்தது. அதற்குப் பிறகு டவாலி தெற்கு ஜன்னலில் தலையை நீட்டித்தான் பெயர் கூப்பிட்டார்.

நிலம் அவளுக்கே என்று தீர்ப்பாயிற்று. ஐயா வாசித்து முடித்தும் அவள் நகரவில்லை.

"என்னம்மா, நெலந்தான் வந்துருச்சே?"

"நெலம் வந்துச்சு சாமி. மொத தடவ நான் வரலன்னு எழுதிட்டீகள்ல, அத அழிச்சிருங்க. ஊருல கோர்ட்டுக்கே வராதவன்னு ஏசுறாக. அன்னைக்கும் இருட்டுல நடந்துதான் வந்தேன்."

எழுதியதை அழிக்க முடியாது என்று தலைமை எழுத்தர் ஆரம்பித்தார். ஐயா கையமர்த்திவிட்டு, கையெழுத்துப் போடாமல் தீர்ப்பை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். ஆங்கிலத்தில் அடித்துவிட்டு அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்: "வாதி முதல் தேதியிலும் வந்திருந்தார். அவர் இருந்த பக்கம் நீதிமன்றம் வரவில்லை."