விருந்துக்கு வந்த கோல்கீப்பர்

கொலீன் ட்வயர் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு தன் காப்பியைக் குடித்துவிட்டுப் போயிருந்தால், நடீன் கோவாச் இன்றைக்கும் தன் ஊரான பிரையர் க்ரீக்கில் நிம்மதியாகப் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டு, ஞாயிறானால் பூசைக்குப் போய்க்கொண்டு, வியாழனானால் பௌலிங் ஆடிக்கொண்டு இருந்திருப்பாள். விதி யாரை விட்டது!

நடீனின் மகள் ஜோஸிக்கு அப்போது பதினொரு வயது. ஊர்ப் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் ஆடுகிற கால்பந்தில் அவள் கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்பாள். அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. தோற்றவனுக்கும் பதக்கம், ஆடாதவனுக்கும் பதக்கம், முடிந்ததும் ஆளுக்கொரு டோனட். நடுக்களத்தில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து மஞ்சள் பூ பறித்துக்கொண்டிருக்கும். ஜோஸி மட்டும் வருகிற பந்தையெல்லாம் விழுந்து விழுந்து பிடித்து, முழங்கை தோல் உரிந்து நிற்பாள்.

தன் இளைய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த கொலீன், அதைப் பார்த்துவிட்டு நேராக நடீனிடம் வந்தாள். முன்பின் தெரியாதவள்.

"கோல்ல நிக்கிறாளே, அவ உன் பொண்ணா?"

"ஆமா. ஏன், ஏதாவது பண்ணிட்டாளா?"

"அடிப்பாவி, இவள வச்சுக்கிட்டு இங்க என்ன பண்ற? இது பூப் பறிக்கிற பசங்க ஆடுற எடம். எங்க வெளியூர் டீமுக்குக் கூட்டிட்டு வா. கோல்கீப்பர் இல்லாம நாங்க நாறிக்கிட்டிருக்கோம்."

ஊர் ஊராகப் போய்ப் போட்டி ஆடுகிற வெளியூர் அணி என்றால் சாதாரணமில்லை. ஒவ்வொரு கோடைத் தொடக்கத்திலும் தேர்வு வைப்பார்கள். பிள்ளையின் முதுகில் ஓர் எண்ணைக் குத்தி உள்ளே அனுப்பிவிட்டு, பெற்றவர்களை வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிடுவார்கள். உள்ளே மூன்று பேர் அட்டையும் கையுமாக நின்று எண்களைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு நடீனால் வேலியோரம் நிற்கக்கூட முடியவில்லை. பார்க்கப் பயந்து வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். கொலீன்தான் போய்ப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "இப்ப ஒண்ணு புடிச்சா. அந்தக் கோச் ரஸ் இருக்கான் பாரு, கல்லுளிமங்கன், அவனே தலையாட்டினான்டி."

முடிவு கைபேசியில் வந்தபோது இருவரும் மளிகைக்கடை வண்டி நிறுத்தத்தில் இருந்தார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டு போட்ட கூச்சலில் வண்டி தள்ளுகிற பையன் பயந்துவிட்டான். ஜோஸி அன்றிரவு ஒன்றாம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டே தூங்கினாள்.

பிறகு இரண்டு வருடம் நடீனுக்குச் சொந்த ஊரில் சனி ஞாயிறு என்பதே இல்லாமல் போயிற்று. ஒரு வாரம் பிட்ஸ்பர்க், மறுவாரம் ஈரி, அடுத்தது ஓஹையோ. மடக்கு நாற்காலி, கூடாரம், ஐஸ் பெட்டி, சேறு பிடித்த பூட்ஸ் என்று வண்டிக்குள் எப்போதும் ஈரக் காலுறை நாற்றம். "ஒரு ஞாயித்துக்கிழமையாவது நம்ம வீட்டுக் கட்டில்ல தூங்குவோமா?" என்று கணவன் வேன்ஸ் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனான். கொலீன்தான் அணியின் மேலாளர். யாருக்கு எந்த ஓட்டல் அறை, யார் தண்ணீர் கொண்டுவருவது, யார் வண்டியில் யார், எல்லாம் அவள் கையில். அவள் மகள் மேவ் தடுப்பாட்டத்தில் ஆடுகிறவள். நடீன் வண்டியில்தான் எப்போதும் வருவாள்.

நட்பு பொய்யில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். நடீனின் அப்பா செத்தபோது, கேட்காமலே வாரம் முழுக்க அடுப்பில் சுட்ட பாஸ்தா தட்டோடு வாசலில் வந்து நின்றவள் கொலீன். வேன்ஸிடம் சொல்லாததைக்கூட நடீன் அவளிடம் சொல்வாள். தினமும் பேருந்தை நிறுத்திவிட்டு வந்ததும் முதல் போன் அவளுக்குத்தான்.

ஜோஸிக்குப் பதின்மூன்று நடக்கும் மே மாதத்தில், பயிற்சியில் பந்து பட்டு அவளுடைய சுண்டுவிரல் பிசகியது. கட்டுப் போட்ட மருத்துவர் மூன்று வாரம் பந்தைத் தொடக்கூடாது என்றுவிட்டார். கொலம்பஸ் பக்கம் பெரிய போட்டி ஒன்று அந்த வாரக் கடைசியில். கொலீன் போன் செய்தாள்.

"விருந்தாளி ஆட்டக்காரி ஒருத்திய எடுத்துக்கலாம்னு ரஸ் சொல்றாரு. அந்தப் போட்டிக்கு மட்டும்தான். டெலானின்னு பேரு. அவங்கம்மா நர்ஸு, சனி ஞாயிறு டூட்டி. உன் ஓட்டல் ரூம்ல இன்னொரு கட்டில் இருக்குல்ல?"

"இருக்கு. அதுக்கென்ன, வரட்டும்."

"உன் வண்டியிலயே கூட்டிட்டு வந்துரு. வேற யார நம்பி ஒரு சின்னப் பொண்ண விடுறது சொல்லு?"

நடீனுக்கு அதில் பெருமைதான். இதைக் கேளுங்கள், பெருமை! மேவ் இந்த முறை அம்மாவோடு வருகிறாள் என்று கொலீன் சொன்னபோதும் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வண்டியில் இடம் காணாதே என்று கொலீன் நினைத்திருப்பாள் போலும் என்று விட்டுவிட்டாள்.

டெலானி நெடுநெடுவென்று வளர்ந்த, வாய் திறந்து பேசாத பெண். முதல் நாள் ஓட்டலில் போர்வைக்குள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டு நடீன் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா ஞாபகமா?" என்று கேட்டு, தலைமுடியைக் கோதி, இரண்டு பின்னலாகப் போட்டுவிட்டாள். காலையில் ஓட்டல் வாஃபிள் இயந்திரத்தின் முன்னால் வரிசையில் நின்று அவளுக்கும், ஆட முடியாவிட்டாலும் கூட வந்திருந்த ஜோஸிக்கும் சுட்டு எடுத்துவந்தாள்.

ஜோஸியோ இன்னும் ஒரு படி மேல். விரலில் கட்டோடு மேசையில் சர்க்கரைப் பொட்டலங்களை அடுக்கிவைத்துப் பாடமே எடுத்தாள்.

"இது மேவ். இவ எடது பக்கத்த எப்பவும் தொறந்து விட்டுருவா. 'மேவ், எடது'ன்னு கத்து, திரும்பிப் பாக்காமலே ஓடுவா. இவ ஹார்ப்பர், கத்தினா அழுதுருவா, அவகிட்ட மட்டும் மெதுவாச் சொல்லு."

"நீ ரொம்ப நல்லவ," என்றாள் டெலானி.

"நம்ம டீம்தானே," என்றாள் ஜோஸி. தன் புதுக் கையுறையையும் கொடுத்தாள். இரண்டு வருடத்தில் கற்றதையெல்லாம் ஒரு காலைச் சாப்பாட்டில் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

டெலானி ஆடிய ஆட்டத்தைக் குறை சொல்ல முடியாது. இறுதி ஆட்டத்தில் பெனால்டி ஒன்றைப் பறந்துபோய்த் தட்டிவிட்டாள். நடீன் நாற்காலி கவிழ எழுந்து குதித்தாள். "டெலானி! என் ராசாத்தி!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினாள். பக்கத்தில் இருந்த கொலீன் அவள் கையைப் பிடித்து அழுத்தி, "நீ தங்கம்டி நடீன்," என்றாள். கண்கூடக் கலங்கியிருந்தது. கோப்பையோடு படம் எடுத்தபோது ஜோஸியை ஓரத்தில் நிறுத்தினார்கள். சீருடை போடவில்லை அல்லவா, அதனால் என்று நடீன் நினைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் மேற்கு வர்ஜீனியாவைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஜோஸி, பின்னால் டெலானி. பொட்டேட்டோ சிப்ஸைக் கொறித்துக்கொண்டிருந்த டெலானி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஜோஸி, உனக்கு வருத்தமா இல்லையா?"

"எதுக்கு?"

"நிறுத்துறதுக்கு. நீ இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்க. நானா இருந்தா விடவே மாட்டேன்."

"எத நிறுத்துறேன்?"

"ஃபுட்பாலத்தான். இந்த சீசனோட போதும்னு நீயே சொல்லிட்டன்னு மிஸஸ் ட்வயர் சொன்னாங்களே. அதக் கேட்டுட்டுத்தான் நான் வரேன்னே சொன்னேன். இன்னொருத்தி எடத்துல போய் ஒக்கார மாட்டேன்னு அம்மாகிட்டயும் சொல்லியிருந்தேன்."

ஜோஸி மெதுவாகப் பின்னால் திரும்பினாள். "நான் நிறுத்தல."

நடீன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டெலானி, மிஸஸ் ட்வயர் இத எப்பச் சொன்னாங்க?"

"ஈஸ்டர் லீவுல. கோச்சும் அவங்களும் எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க."

ஈஸ்டர்! விரல் பிசகியது அதற்குப் பிறகு, மே மாதத்தில். ஈஸ்டர் அன்றைக்குக் கொலீன் நடீன் வீட்டு மேசையில் உட்கார்ந்து பன்றித் தொடைக்கறி தின்றுவிட்டு, "ஜோஸி என்னமா வளந்துட்டா!" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனவள்.

"சனி ஞாயிறு யார் கூட்டிட்டுப் போவாங்கன்னுதான் அம்மா யோசிச்சாங்க," டெலானியின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "மிஸஸ் கோவாச் இருக்காங்க, பெத்த தாய் மாதிரி பாத்துக்குவாங்கன்னு மிஸஸ் ட்வயர்தான்... ஐயோ, உங்களுக்குத் தெரியாதா? சத்தியமா நீங்களும் சேந்து முடிவு பண்ணீங்கன்னுதான் நெனச்சேன்." அவள் அழத் தொடங்கினாள்.

எப்பேர்ப்பட்ட ஏற்பாடு பாருங்கள். மகளின் இடத்தைப் பிடுங்க வருகிறவளைத் தாயே வண்டியில் ஏற்றி, தாயே சோறு போட்டு, தாயே தலைபின்னிக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். மேவுக்கு வாய் நிற்காது, அதனால்தான் இந்த முறை அவளை இந்த வண்டியில் ஏற்றவில்லை. எல்லாம் இப்போது விளங்கி என்ன புண்ணியம்? இத்தனை நாளாகத் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறாள், எரியக்கூட இல்லையே என்று நடீனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. வண்டியை மட்டும் நேராக ஓட்டினாள்.

ஊர் வந்து சேர்ந்தபோது, அணியின் மைதானத்து வண்டி நிறுத்தத்தில் கொலீன் கூடாரத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். நடீன் இறங்கிப்போய் எதிரே நின்றாள்.

"ஜோஸி நிறுத்தப்போறான்னு யாருடி சொன்னா உங்கிட்ட?"

கொலீனின் முகம் செத்துவிட்டது. "இங்க வேணாம் நடீன். நாளைக்கு வீட்டுக்கு வரேன்."

"எங்க வீட்டுக்கு நீ வந்தது போதும். இங்கயே சொல்லு."

"ரஸ் முடிவு பண்ணது. அடுத்த வருஷம் மேல் பிரிவுக்குப் போகணும், அதுக்கு ஜோஸியோட ஒயரம் பத்தாதுன்னுட்டாரு. ரெண்டு கோல்கீப்பர் வேணாமாம். நான் என்ன பண்ணட்டும்?"

"நீ என்ன பண்ணன்னுதான் கேக்கறேன்."

"ஆட்டத்தப் பாத்து எடம் குடுக்கிற காலேஜ்காரங்க வந்து பாக்கறது மேல் பிரிவுலதான்டி. எனக்கும் ஒரு பொண்ணு இருக்குல்ல?" கொலீன் கூடாரக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "சொல்லியிருந்தா இந்த ரெண்டு நாள் டெலானிய நீ கூட்டிட்டுப் போயிருப்பியா?"

"போயிருப்பேன்டி," என்றாள் நடீன். "அழுதுக்கிட்டே கூட்டிட்டுப் போயிருப்பேன். நீ கேட்டா எதடி நான் செய்யல?"

கொலீன் கயிற்றில் கடைசி முடிச்சைப் போட்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நல்லவள் பட்டம் போய்விடக் கூடாதே! கயிற்றைப் போட்டுவிட்டு வண்டியின் கண்ணாடி அருகே குனிந்து, ஜோஸியிடம் தேன் ஒழுகப் பேசினாள்.

"ஜோஸிக் கண்ணு, மனசுல எதையும் வச்சுக்காத. ரெண்டாவது டீம்ல உனக்கு எடம் சொல்லி வச்சிருக்கேன். இந்தக் கப்பு இருக்கு பாரு, உங்கம்மா இல்லன்னா வந்தே இருக்காது. டெலானிய இங்க கொண்டுவந்து சேத்ததே அவங்கதான், தெரியுமா?"

ஜோஸி அவளைப் பார்க்கவில்லை, தாயைத்தான் பார்த்தாள்.

டெலானியின் வீட்டு வாசலில் வண்டி நின்றது. அந்தப் பெண் கையுறையைப் பையிலிருந்து எடுத்து நீட்டி, "ஜோஸி, எனக்குத் தெரியாது, நான் வரலன்னு அம்மாகிட்ட சொல்லப்போறேன்," என்றது. ஜோஸி கையுறையை வாங்கிக்கொள்ளவில்லை. டெலானி அதை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். கதவு சாத்தியதும் ஜோஸி கேட்டாள்.

"அம்மா, உனக்கு எப்பலருந்து தெரியும்?"

"இன்னைக்குத்தான்டி. வண்டியில அவ சொன்னப்பதான் உன்கூட நானும் கேட்டேன்."

"பொய்."

"உன் தலைமேல சத்தியமா."

"கொலீன் உன் ஃப்ரெண்டு. தும்முனாக்கூட ஒருத்திக்கொருத்தி போன் போட்டுச் சொல்லிக்குவீங்க. இத மட்டும் உங்கிட்ட சொல்லலியா?"

வேறு யார் கேட்டிருந்தாலும் இதைத்தானே கேட்பார்கள்? கொலீன் தன்னிடம் சொல்லாமல் ஒன்றும் செய்ய மாட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளே நடீன்தான்.

"அவ பெனால்டி புடிச்சப்ப நீ எந்திரிச்சுக் குதிச்ச. ராசாத்தின்னு கத்தின." ஜோஸியின் குரல் உடைந்தது. "நான் பெனால்டிக்கு நிக்கறப்ப ஒரு தடவகூட நீ பாத்ததில்ல. கண்ண மூடிக்கிட்டுதான் இருப்ப. நான் பாத்திருக்கேன்."

"அது பயத்துலடி. உனக்குன்னா எனக்கு நெஞ்சு அடைக்கும். அவ யாரோ..."

ஜோஸி கதவைத் திறந்து இறங்கினாள். பின்பக்கம் போய் ஏறி, கடைசி வரிசையில், நாற்காலிகளுக்கும் ஐஸ் பெட்டிக்கும் இடையில் ஒடுங்கி உட்கார்ந்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நடீன் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது மலையளவு இருந்தது.

"பெல்ட்டப் போடு," என்றாள்.