பத்தாயிரம் அடிக்குக் கீழே

கண்ணாடிக்கடையில் லென்ஸ் வெட்டுகிறவருக்கு ஐம்பத்தோராவது வயதில்தான் கேப்டன் என்ற பெயர் வந்தது. வைத்தவர் கடை முதலாளி. அவர் கேலியாகத்தான் வைத்தார். நம் ஆள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு, யாராவது அப்படிக் கூப்பிட்டால் முதுகை நிமிர்த்திக்கொண்டு திரும்புவார்.

அதற்கு முன் இருபத்தெட்டு வருடம் அந்த முதுகு நிமிர்ந்ததே இல்லை. கடைக்குப் பின்னால் ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற அறை. அதற்குள் தேய்க்கிற இயந்திரம், அதற்குத் தண்ணீர் விடும் குழாய், டியூப் லைட், ஒரு முக்காலி. வட்டமாக வருகிற லென்ஸை ஃபிரேமின் அளவுக்கு வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, உள்ளே அமுக்கிப் பொருத்தி முன்பக்கம் அனுப்ப வேண்டும். ஒரு சாண் தூரத்துக்கு அப்பால் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. மனைவியைக்கூட முதலில் லென்ஸ் வழியாகத்தான் தெரிந்துகொண்டார். மைனஸ் ஒன்பது பவர், அசல் சோடாபுட்டி. அந்தத் தடிமனைக் குறைத்துக் குறைத்துத் தேய்த்து, ‘யாருக்கு இது?’ என்று எட்டிப் பார்த்தவர், அடுத்த வருடம் அந்தப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டார்.

வி.ஆர். ஹெட்செட் வீட்டுக்கு வந்தது மச்சினனால். முகத்தில் பெட்டியைக் கட்டிக்கொள்வதுபோல மாட்டிக்கொண்டால், சுற்றிலும் வேறு உலகம் தெரிகிற சாமான். அவன் ஆசைப்பட்டு வாங்கி, மாட்டிய முதல் நாளே தலைசுற்றி சோபாவில் வாந்தி எடுத்து, “மாமா, இது உங்களுக்குத்தான் சரி” என்று கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனான். அதில் விமானம் ஓட்டுகிற ஒரு விளையாட்டும் இருந்தது.

மாட்டினார். ஓடுபாதை, மரங்கள், அதற்கப்பால் கடல். தலையைத் திருப்பினால் இறக்கை. குனிந்தால் மடிக்கு மேல் கட்டுப்பாட்டுப் பலகை. மேலே ஏறி மேகத்தைத் தாண்டியதும், எந்தப் பக்கம் பார்த்தாலும் முட்டாமல் போய்க்கொண்டே இருக்கிற தூரம். கண்ணைப் பற்றி எல்லாம் தெரிந்த மனிதர், கண் இவ்வளவு தூரம் போகும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். பெட்டியைக் கழற்றியபோது அழுதிருந்தார் என்று மனைவி சொல்வாள். வியர்வை என்று அவர் சொல்வார்.

அதற்கப்புறம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சின்ன அறையில் இருந்த துணிகளெல்லாம் பீரோவுக்குப் போயின. நாற்காலி வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, விமானத்தைத் திருப்புவதற்கு மேஜை விளிம்பில் இறுக்கிய ஸ்டிக் வந்தது, காலுக்குப் பெடல் வந்தது. பெடல் வழுக்காமல் இருக்க வாசலில் கிடந்த கால்மிதியும் உள்ளே போனது. மூக்குக்கண்ணாடியோடு மாட்டினால் அழுத்துகிறது என்று, பெட்டிக்குள் பொருந்துகிற மாதிரி தன் பவருக்கு இரண்டு வட்ட லென்ஸ் வெட்டிக்கொண்டார். அதே சூட்டில் மனைவியின் மைனஸ் ஒன்பதுக்கும் ஒரு ஜோடி வெட்டினார்.

“ஒரு நாள் உனக்கும் காட்டறேன்” என்றார்.

“எப்ப?”

“ஒரு நல்ல நாளாப் பார்த்து. வானம் தெளிவா இருக்கணும்.”

விளையாட்டுக்குள் வானத்தை அவர்தான் தெளிவாக்க வேண்டும், ஒரு பட்டன் வேலை. இருந்தும் அந்த ஜோடி காகிதக் கவருக்குள் மேஜை டிராயரில் இரண்டு வருடம் கிடந்தது.

வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் இணையத்தில் ஒரு குழு சேரும். ஒருவர் தரையிலிருந்து உத்தரவு கொடுப்பார், மற்றவர்கள் பறப்பார்கள். எல்லாருமே வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள், ஆனால் பேச்சு மட்டும் முந்நூறு உயிர் பின்னால் இருக்கிற மாதிரி இருக்கும். அங்கேதான் அவருக்கு ஒரு சட்டம் கிடைத்தது. உண்மையான விமானிகள் பத்தாயிரம் அடிக்குக் கீழே வந்துவிட்டால், விமானத்தைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாதாம். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

“மேல இருக்கறப்ப என்ன வேணா கேளு. பத்தாயிரத்துக்குக் கீழ வந்துட்டா தொடாதே, பேசாதே. கவனம் போச்சுன்னா விழுந்துடும்.”

“மேல இருக்கறப்ப மட்டும் பேசிக் கிழிச்சீங்களா?” என்றாள் அவள். ஆனால் சட்டத்தை மதித்தாள். கேஸ் தீர்ந்துபோனாலும், கதவருகில் வந்து நின்று, “எத்தனை அடி?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவாள். பக்கத்து வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இனிமேல் சொல்வதற்குச் சிரிப்பு வராது.

கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்குகிறது. அவரே கைப்பட எழுதி ஒட்டியது. ‘கண்ணுக்குள் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, திடீரென்று கொசுக்கள் பறப்பதுபோல் தெரிந்தாலோ, அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.’ கீழே சிவப்பு மையில், ‘மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள் கட்டாயம்.’ விழித்திரை கிழிகிறதற்கு அதுதான் முதல் அடையாளம். அன்றே போனால் லேசரால் கிழிசலைச் சுற்றி ஒட்டிவிடுவார்கள், கால் மணி நேர வேலை. விட்டுவிட்டால் திரை கழன்று பார்வையைக் கொண்டுபோய்விடும். அந்த அட்டையைப் பார்த்துவிட்டு ஓடிய ஒரு லாரி ஓட்டுநருக்குக் கண் தப்பியது. அவர் இனிப்புப் பெட்டியோடு வந்து, லென்ஸ் வெட்டுகிறவரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களின் வீட்டில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தவள், “இடது கண்ணுல கீழேர்ந்து கறுப்பா ஒண்ணு ஏறி வருதுங்க. பாதி மறைச்சிடுச்சு” என்றாள். அவர் சட்டையை மாற்றக்கூட நிற்காமல் ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தார்.

“மின்னல் மாதிரி ஏதாவது தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது” என்றாள் மனைவி. “வியாழக்கிழமை சாயங்காலம். ஓரத்துல பளிச்சு பளிச்சுன்னு வெட்டிச்சு.”

“வீட்ல யார்கிட்டயும் சொல்லலையாம்மா?”

“சொல்லலாம்னுதான் போனேன். அவர் இறங்கிட்டு இருந்தார்.”

“எங்கேர்ந்து?”

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். டாக்டரம்மா மாடிப்படி என்று நினைத்துக்கொண்டார்போல. மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் ஆபரேஷன் நடந்தது. கண்ணுக்குள் வாயு நிரப்பி, பத்து நாள் முகத்தைக் குப்புற வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். அவள் மேஜை விளிம்பில் நெற்றியை வைத்துத் தரையைப் பார்த்தபடி இருந்தாள். அவர் தரையில் பாய் போட்டு, அவளுக்குத் தெரிகிற இடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பத்து நாளும் அவர் வியாழக்கிழமையைப் பற்றிக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கண் தப்பியது, பார்வை தப்பவில்லை. இடது கண்ணால் வெளிச்சம் தெரியும், அசைகிற கை தெரியும். எழுத்து தெரியாது. வியாழக்கிழமையே வந்திருந்தால் என்று அவர் ஆரம்பித்ததும், “இப்ப அதைப் பேசி என்னங்க ஆகப்போவுது” என்று டாக்டரம்மா முடித்துவிட்டார். ‘வந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஹெட்செட் பீரோ மேல் போனது. கடையில் கேப்டன் என்று யாராவது கூப்பிட்டால் திரும்பாமலே வேலை செய்தார். ஒரு நாள் வெய்யில் காலம் முடிந்தபிறகு ஏசி வாங்கிய வாடிக்கையாளரைப் பற்றி முதலாளி, “கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அன்று மாலையே கல்லாவுக்குப் பின்னால் இருந்த அட்டையைக் கழற்றி வைக்கப் பார்த்தார். “இருக்கட்டும் முதலாளி. யாருக்காவது உதவும்” என்றார் இவர்.

நாலு மாதம் கழித்து, கம்ப்யூட்டரில் இருக்கிற, தான் பறந்த வீடியோக்களை எல்லாம் அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தார். குழுவுக்குக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வதற்காக, ஒவ்வொரு தரையிறக்கத்தையும் குரலோடு பதிவு செய்து வைத்திருந்தார். அந்த வியாழக்கிழமையின் தேதி போட்ட கோப்பு வந்தது. அதை மட்டும் அழிக்காமல் திறந்தார்.

திரையில் மேகம். பிறகு கதவு கிறீச்சிடுகிற சத்தம்.

“என்னங்க.”

“ம்.”

“எத்தனை அடி?”

“எட்டாயிரம்.”

கொஞ்ச நேரம் இயந்திர இரைச்சல் மட்டும். “சரி, இறங்குங்க. அப்புறம் சொல்றேன்.” கதவு மூடுகிறது.

அப்புறம் பன்னிரண்டு நிமிடம் விமானம் இறங்குகிறது. சக்கரம் தரையைத் தொடுகிறது. குழுவில் யாரோ கைதட்டுகிறார்கள். அவருடைய குரல் வீடே அதிரக் கேட்கிறது: “பார்த்தியா? பூ மாதிரி இறக்கிட்டேன்.” எங்கிருந்தோ, “அப்படியா” என்கிறாள். “ஒரு காபி போடு” என்கிறார். பதிவு முடிகிறது.

மறுபடி போட்டார். ஆறு தடவை கேட்டார். என்ன சொல்ல வந்தே என்று ஏதாவது ஒரு தடவையாவது தன் குரல் கேட்டுவிடாதா என்று இருந்தது. எட்டாயிரம் அடியில் பேசாததை அவர் மன்னித்துக்கொள்வார், சட்டம் என்று ஒன்று இருந்தது. தரைக்கு வந்தபிறகு எந்தச் சட்டம் தடுத்தது?

அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு வாரம் வாயெடுத்து வாயெடுத்து மூடிக்கொண்டார். கடைசியில் ஒரு மத்தியானம் அவளே வந்து, “அந்தப் பெட்டியை எனக்குக் காட்டறேன்னீங்களே” என்றாள்.

“இப்பவா?”

“ஒரு கண்ணுதான் இருக்கு. அதுவும் போறதுக்குள்ள பார்த்துடறேனே.” சாதாரணமாகச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

டிராயரிலிருந்து கவரை எடுத்தார். வலது லென்ஸைப் பொருத்தினார். இடது கண்ணுக்கு அந்தப் பவர் இனிப் பொருந்தாது என்று தெரிந்தும் அதையும் துடைத்துப் பொருத்தினார். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, பட்டை இறுகாமல் மாட்டிவிட்டு, ஸ்டிக்கைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து ஓட்டினார். வானத்தைத் தெளிவாக வைத்தார்.

“அடேயப்பா” என்றாள் அவள். “இவ்வளவு பெரிசா?” இடது பக்கம் தெரியவேண்டும் என்று தலையை முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கடல் தெரியுதுங்க. நீங்க தினம் இதையா பார்த்துட்டு இருந்தீங்க? சொல்லவே இல்லையே.”

இறங்க ஆரம்பித்தார். இதற்குமேல் தாங்காது என்று இருந்தது. ஒரு கையை எடுத்து அவள் தோளைத் தொட்டார்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“எத்தனை அடியில இருக்கோம்?”

“ஒன்பதாயிரத்துச் சொச்சம்.”

“அப்பப் பேசக் கூடாதே. இறங்குங்க.”

குத்திக்காட்டுகிற குரலாக இருந்திருந்தால் தேவலை. அவள் நிஜமாகவே சொன்னாள். இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கி உட்கார்ந்திருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு ஓட்டினார். பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. சொல்ல வந்ததை நெஞ்சில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பூ மாதிரியெல்லாம் இறங்கவில்லை. விமானம் ஓடுபாதையில் இரண்டு முறை எகிறிக் குதித்து, புல்லில் போய் நின்றது.

அவள் பெட்டியைக் கழற்றினாள். கன்னத்தில் பட்டையின் தடம் பதிந்திருந்தது. மூக்குக்கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வேலையாக அவர் பக்கம் திரும்பினாள்.

“என்னவோ சொல்ல வந்தீங்களே, என்ன?”

அவர் வீடியோவைப் பற்றிச் சொன்னார். இறங்கினபிறகாவது நான் கேட்டிருக்கணும் என்றார். நீயாவது கத்தியிருக்கக் கூடாதா, தோளைப் பிடித்து உலுக்கியிருக்கக் கூடாதா என்று கேட்டார்.

“விழுந்துடும்னீங்களே” என்றாள். “இறங்கினப்புறமும் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. இதைச் சொல்லி அதை ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆமா, நிஜமா விழுந்தா என்னங்க ஆகும்?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் ஆகாது” என்றார் அவர். “பட்டனை அழுத்தினா மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சுடும்.”

அவள் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். இடது பக்க லென்ஸில் விரல் தடம் பட்டிருந்தது. அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

“அவ்வளவுதானா?” என்றாள். “இது எனக்குத் தெரியாதேங்க.”