லாரி மனிதனின் தோள்பட்டை

எங்கள் மகளின் பழைய பொம்மை ஒன்று பீரோவுக்கு மேலே கிடந்தது. சிவப்பு லாரி. பிடித்துத் திருப்பி, இழுத்து, மடக்கினால் லாரி எழுந்து நின்று மனிதனாகிவிடும். திரும்ப மடக்கினால் லாரி. விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் தரையில் புரண்டு அழுது வாங்கியது. அவள் இப்போது கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். சீராக வாங்கிய கட்டில், பீரோ, மிக்சி எல்லாம் புகுந்த வீட்டுக்குப் போயின. லாரியை யாரும் அழைக்கவில்லை.

அந்த லாரியைத்தான் நான் ஒரு கோடை முழுக்கப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரரின் கைக்காக.

அவர் திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து செலுத்தும் வேலை பார்த்தார். அந்த வேலையில் கண்ணைவிட விரல் நுனிதான் முக்கியம். தளர்வாகச் செலுத்தினால் பூ எழும்பாது. அதிகமாக அழுத்தினால் ஆள் எழும்ப மாட்டான். "எம்புட்டு அழுத்தணும்னு எனக்குத் தெரியாது, வெரலுக்குத்தான் தெரியும்" என்று பெருமையாகச் சொல்லுவார். தை மாதத்தில் ஒரு காலை மருந்து அறையில் தீப்பிடித்தது. எதனால் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஓடி வெளியே வந்துவிட்டார். வலது உள்ளங்கை மட்டும் வாசல் தகரத்தில் கிழிந்து நரம்பு அறுந்துபோனது.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தேன். பன் கொடுத்தார்கள், தின்றேன். என்னைப் பார்த்து இரண்டு பெண்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டதும் தெரிந்தது. கல்நெஞ்சுக்காரி என்றிருப்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ரொட்டியும் ஆரஞ்சுமாக ஆட்கள் வந்தார்கள். எதிர்வீட்டு அக்கா தினமும் வந்தாள். வரும்போதெல்லாம், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கோ தங்கச்சி" என்பாள். முதல் வாரம் தலையாட்டினேன். பிறகு ஒருநாள், "கை என்ன தலைப்பாகையாக்கா? வேற ஒண்ணு வாங்கிக் கட்டிக்கிறதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவள் கோபித்துக்கொண்டு போய், மறுநாள் காலையில் இட்லியோடு வந்தாள். நல்ல மனுஷி. எனக்குத்தான் அந்த நாட்களில் நல்லது கெட்டது எதுவும் உறைக்கவில்லை.

டாக்டர் நேராகவே சொன்னார். நரம்பைத் தைத்தாயிற்று, விரலில் உணர்வு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். உணர்வு வராவிட்டால் மருந்து அறை வாசல்படியைக்கூட மிதிக்க முடியாது. அதுகூடப் பெரிதில்லை. ஒருநாள் அடுப்பிலிருந்து இறக்கிய பால் சட்டியை வெறும் கையால் பிடித்துத் தூக்கி என்னிடம் நீட்டினார். தோல் பொசுங்குகிற வாடை எனக்கு வந்தது. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. "என்ன, பாலு வேணாமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவரை அடுப்படிக்குள் விடவில்லை. தன் கையையே தனக்குத் தெரியாத மனிதரோடு மிச்சக் காலத்தையும் ஓட்ட வேண்டுமோ என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கேள்வி.

அரசு ஆஸ்பத்திரியில் விரலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் எங்கள் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள். பிடித்து அமுக்க ஒரு பஞ்சுப் பந்து கொடுத்தாள். அவர் இரண்டு நாள் அமுக்கிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டார். பீரோ மேலே ஒட்டடை அடிக்கும்போது லாரி விழுந்ததும் அந்த வாரத்தில்தான். அவர் அதை எடுத்து முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வலது கையால் கதவைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"பந்து வேண்டாம்க்கா. லாரியவே செய்யச் சொல்லுங்க. கிள்ளணும், திருப்பணும், இழுக்கணும், எல்லாம் அதுலயே இருக்கு" என்றாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். காலையில் லாரியை மனிதனாக்குவார், சாயங்காலம் மனிதனை லாரியாக்குவார். கொஞ்ச நாளிலேயே 'டக்' என்று தோள்பட்டை கழன்று கை தனியாக வந்துவிட்டது. அவர் பொம்மையைப் பார்க்கவில்லை. தன் விரலைத்தான் பார்த்தார்.

"சத்தம் கேட்டப்புறந்தான் ஒடஞ்சதே தெரியுது" என்றார்.

பட்டாசு வேலையில் ஒரு குண்டுமணி அளவு அதிகம் அழுத்தாத மனிதர். அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தும் எனக்குள் எதுவும் அசையவில்லை. பொம்மையை வாங்கிப் போய் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன்.

தோள்பட்டை என்பது ஒரு சின்ன உருண்டை. அது ஒரு குழிக்குள் உட்கார்ந்து சுழல வேண்டும். பல வருஷம் சுழன்று உருண்டை தேய்ந்திருந்தது. கடையில் கேட்டால் பசை போட்டு ஒட்டச் சொன்னார்கள். ஒட்டிவிட்டால் கை திரும்புமா? நான் வீட்டில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவள். கம்பியில் குழாய் தளர்ந்தால் இன்னொரு சுற்று காகிதம் சுற்றுவோம், அவ்வளவுதானே. டிஷ்யூ தாளை நூலாகக் கிழித்து, பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் கலந்த மைதாப் பசையைத் தொட்டு, உருண்டையைச் சுற்றி ஒட்டிக் காயவிட்டுக் குழிக்குள் அமுக்கினேன். கை கிண்ணென்று நின்றது. தூக்கினால் தூக்கின இடத்தில் நின்றது. முழங்கால் ஆணி விழுந்தபோது ஒரு தீக்குச்சியை எடுத்துத் தலையைக் கிள்ளிப்போட்டுவிட்டுச் செருகினேன். சிவகாசி பக்கத்தில் தீக்குச்சிக்குப் பஞ்சமா?

எதை முதலில் திருப்ப வேண்டும் என்பதும் பழக்கத்தில் பிடிபட்டது. நெஞ்சுப் பலகையை வெளியே இழுக்காமல் கையைத் திருப்பினால் தோள் போய்விடும். கதவைச் சாய்க்காமல் காலை நீட்டினால் இடுப்பு போய்விடும். "நெஞ்ச இழுங்க, நெஞ்ச இழுங்க மொதல்ல" என்று அடுப்படியிலிருந்தே கத்துவேன். மகள் போனில் அதைக் கேட்டுப் பயந்துபோய், "அப்பாவுக்கு நெஞ்சுவலியாம்மா?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும், "அது என் பொம்ம, ஒடச்சுறாதீக ரெண்டு பேரும்" என்று அதட்டினாள்.

சித்திரையில் ஒரு தோள் மறுபடி ஆட ஆரம்பித்தது. இந்தத் தடவை ஒழுங்காகச் செய்துவிடுவோம் என்று எல்லா மூட்டையும் கழற்றி, எல்லாவற்றுக்கும் தாள் சுற்றி, பசையைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டு மாட்டினேன். பிறகு நான் செய்ததை எங்கள் பக்கத்துப் பெண்ணைத் தவிர யாரும் செய்திருக்க மாட்டார்கள். பசை ஒட்டின எதையும் கை யோசிக்காமல் வெயிலுக்குக் கொண்டுபோகும். மொட்டை மாடியில் குழாய்கள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் லாரி மனிதனையும் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு வந்து சோறு வடித்தேன்.

மத்தியானம் குழாய்களோடு சேர்த்து அவனையும் கூடையில் அள்ளி வந்தேன். தொட்டால் சுட்டது. பழைய பிளாஸ்டிக் அந்த வெயிலில் வெந்து அப்பளம் மாதிரி ஆகியிருக்கும் என்றோ, பசை சுண்டி மூட்டுகளை இறுக்கிப் பிடித்திருக்கும் என்றோ எனக்குத் தோன்றவே இல்லை. சூடு ஆறட்டும் என்று கொஞ்சம் வைத்துவிட்டு அவரிடம் கொடுத்தேன்.

நெஞ்சுப் பலகையை இழுத்தார். கதவைச் சாய்த்தார். கை திரும்பவில்லை. இன்னும் அழுத்தினார். அவருக்குத்தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாதே. தோள்பட்டை குழியோடு பிளந்து, கை தெறித்துப் போய்க் கட்டில் காலில் விழுந்தது. இந்தத் தடவை கழலவில்லை, நிஜமாகவே உடைந்துவிட்டது. ஊசி போல ஒரு சில்லு தோளிலேயே துருத்திக்கொண்டு நின்றது.

"ஸ்ஸ்" என்று கையை உதறினார்.

தெறித்த கையைப் பொறுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றேன்.

"என்ன?"

"குத்திருச்சு."

"எங்கன?"

அவர் தன் ஆள்காட்டி விரலைத் தன் முகத்துக்கு நேராகத் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நுனியில் சின்னதாக ஒரு ரத்தப் புள்ளி.

"சும்மா சொல்லாதீக. ரத்தத்தப் பாத்துட்டுச் சொல்லுதீக."

"இல்ல தாயீ. பாக்குறதுக்கு முன்னாடி."

பொம்மையைப் பிடுங்கினேன். "கண்ண மூடுங்க" என்றேன். மூடினார். சில்லு முனையைச் சுண்டுவிரலில் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மோதிர விரலில் வைத்தேன். இல்லை. நடுவிரலில் கொஞ்சம் அழுத்தியே குத்தினேன். இல்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, ஆனால் கோபம்தான், தை மாதத்திலிருந்து என்னிடம் இல்லாத கோபம். ஆள்காட்டி விரலில் குத்தினேன்.

"வலிக்கு" என்றார்.

"நெசமா?"

"நெசமாத்தான். இன்னொருக்கா குத்து."

குத்தினேன். "வலிக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணைத் திறக்காமலே சிரித்தார். மூன்று விரல் செத்துக் கிடக்கிறது, ஒன்றே ஒன்று வந்திருக்கிறது, அதற்கு அந்தச் சிரிப்பு. நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் அழாததும், பால் சட்டிக்கு அழாததும் எல்லாம் சேர்ந்து வந்தது. நிறுத்த முடியவில்லை. அவர் இடது கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"ஏ தங்கச்சி, என்னாச்சு? யாருக்கு என்ன?"

"வலிக்குதாம்க்கா" என்றேன். "அவுகளுக்கு வலிக்குதாம்."

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவினாள். "அழாத, அழாத. தைச்ச எடம்லா, வலிக்கத்தான் செய்யும். வீட்டுல மாத்திர இருக்கு, இந்தா எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினாள்.