அம்மா தூக்காத கை

பி.யூ.சி.யை எடுத்துவிட்டுப் பிளஸ் டூ என்று புதிதாக ஒன்று கொண்டுவரப் போகிறார்கள் என்ற பேச்சு ஆரணியில் அடிபட்டபோது, அக்கா பத்தாவது முடித்திருந்தாள். அந்த இரண்டு வருஷத்தைக் கல்லூரியில் வைப்பதா, பள்ளிக்கூடத்தில் வைப்பதா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. எங்கள் வீடும்தான்.

கல்லூரி என்றால் வேலூர். அப்படி வந்தால் அங்கே சித்தி வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று அப்பா ஏதோ ஒரு நல்ல நேரத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவுக்கோ தறியில் ஆள் வேண்டும். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாக நெய்கிற பட்டுப்புடவைக்கு ஒருவர் போதாது. அப்பா நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவது அக்கா. பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு மூச்சு, வந்ததும் ஒரு மூச்சு. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுப் பார்க்கிற வயசுதான் இல்லை.

எங்கள் பெண்கள் பள்ளிக்குப் பிளஸ் டூ வேண்டுமென்று அரசாங்கத்தைக் கேட்கலாமா என முடிவு செய்யப் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். இருக்கிற பிள்ளைகளுக்கே இடமில்லை, லேப்புக்கு எங்கே போவது, வேண்டாம் என்றார் தலைமையாசிரியை. கூட்டம் மெல்ல அவர் பக்கம் சாய்ந்தது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலித்தது.

அப்போது அப்பா எழுந்தார். நாலு பேர் நடுவில் வாயே திறக்காத மனுஷர்.

"ரூமு நாங்க கட்டித் தரோங்க. வயசுப் பொண்ணுங்க வேலூருக்கு பஸ்ல தொங்கிகினு போவணுமா? இங்கயே வெச்சாதான் நம்ம பொண்ணுங்க படிக்கும்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா என் கையை எப்போது விட்டாள் என்றுகூடக் கவனிக்கவில்லை.

சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன், பின்னால் யாரோ சிரித்தார்கள். எங்கள் வரிசையில் அம்மா மட்டும் தூக்கவில்லை. அப்பா திரும்பி முறைத்தார். அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது.

"ஜல்தி தூக்கும்மா" என்றேன்.

"நீ சும்மா கெட."

தீர்மானம் நிறைவேறியது. அப்பா மைசூர்பாகு வாங்கி வந்தார். அக்கா தன் பங்கையும் எனக்கே கொடுத்துவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தாள்.

பெண்பிள்ளை படிப்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று, அன்று முழுக்க அவளோடு நான் பேசவில்லை.