அப்பாவின் பிரஷர்

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் என் சிறுநீரகத்தைவிட அப்பாவின் பிரஷரைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். என்னுடைய இரண்டும் கெட்டுப்போயின என்பது முடிந்த விஷயம், அதைப் பேசி என்ன பயன்? அப்பாவிடம் நல்லதாக இரண்டு இருந்தன. அதில் ஒன்று எனக்கு வர வேண்டும். குறுக்கே நின்றது அந்தப் பிரஷர் மட்டும்தான்.

அப்பா மாத்தளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். பிறந்தது யாழ்ப்பாணம். வேலைக்கு வந்த இடத்தில், ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த அம்மாவைக் கண்டு, கட்டி, பலாபத்வலையில் றோட்டோரமாக ஒரு வீடு பார்த்து அங்கேயே தங்கிவிட்டார். இருபது வருஷத்தில் அவருடைய பேச்சும் அம்மாவின் பேச்சாகிவிட்டது. பயம் வந்தால் மட்டும் யாழ்ப்பாணம் வெளியே வரும். ஒருநாள் குசினிக்குள் பாம்பு புகுந்தபோது, "ஐயோ, அங்காலை போகாதேங்கோ!" என்று கத்தினார். நானும் அம்மாவும் பாம்பை மறந்துவிட்டுச் சிரித்தோம்.

நான் ஒரே மகள். குறையோடுதான் பிறந்தேன், ஆனால் அது பதின்மூன்று வயதுவரை ஒருவருக்கும் தெரியவில்லை. அடையாளங்கள் இல்லாமல் இல்லை. எந்நேரமும் தாகம். வகுப்பில் பாடத்துக்கு ஒரு தடவை வெளியே போகக் கேட்டு எழுந்து நிற்பேன். பத்து வயதிலும் பாய் நனைந்தது. கல்லுப்பை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டு மிட்டாய் போலச் சப்புவேன். நாலாம் வகுப்பில் தைத்த வெள்ளைச் சட்டை ஏழாம் வகுப்பிலும் அளவாக இருந்தது. முகம் வெளிறிக் கிடந்தது, கால்கள் முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் வளைந்திருந்தன. பூச்சி மருந்து தந்தார்கள், சத்துப் பாணி தந்தார்கள், ஒரு வெதமாத்தயாவின், சிங்கள நாட்டு வைத்தியரின், கசாயத்தையும் மூன்று மாதம் குடித்தேன். பாய் நனையாமல் இருக்க, மாலை ஆறு மணிக்குப் பிறகு எனக்குத் தண்ணீர் இல்லை என்று அம்மா சட்டம் போட்டார். நான் சாமிப் படத்துக்கு முன்னால் இருக்கும் செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, திருநீறும் பூசிக்கொண்டு வந்து படுப்பேன். எவ்வளவு பக்தியான பிள்ளை என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தேன். மாத்தளை ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்துவிட்டு உடனே கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகப் பிரிவில் இருந்தவர் ஒரு சிங்கள டொக்டர் மிஸ். அன்று தொடங்கி, ஓய்வுபெறும்வரை என்னைப் பார்த்தவர் அவர்தான். துண்டுச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு சிறுநீரகங்களை வரைந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன வட்டம் போட்டுக் காட்டினார். அந்தப் பெரிய அளவில் இருக்க வேண்டியவை எனக்கு இந்தச் சின்ன வட்டமளவில்தான் இருந்தன. தாயின் வயிற்றிலேயே சரியாக உருவாகாமல் நின்றுவிட்டன என்றார். இவ்வளவு காலமும் அந்த அரைகுறைச் சிறுநீரகங்கள் தண்ணீரையும் உப்பையும் பிடித்து வைக்க முடியாமல் வெளியே விட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. தாகமும் உப்பு ஆசையும் அதனால்தானாம்.

அம்மா அங்கேயே அழ ஆரம்பித்தார். தன்னுடைய ஆறு மணிச் சட்டம் நினைவுக்கு வந்திருக்கும். யாரும் செய்த பிழையல்ல என்று டொக்டர் இரண்டு தடவை சொன்னார். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. திரும்பும் பஸ்ஸில், இரண்டு பக்கத்துச் சொந்தங்களிலும் யாருக்குச் சிறுநீரில் கோளாறு இருந்தது என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அம்மாவின் பக்கத்தில் மூன்றாவது ஆளுக்கு வந்தபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். 

மருந்துகள் மூன்று வருஷம் வாங்கித் தந்தன. எலும்புக்குச் சுண்ணாம்புக் குளிசை, இரத்தம் ஊற ஊசி, பிரஷருக்கு ஒன்று, இன்னும் பெயர் தெரியாத பலது. பதினாறு வயதில் அவையும் போதாமல் போயின. காலையில் முகம் வீங்கும், பஸ் படியில் ஏறினால் மூச்சு வாங்கும், தோல் அரிக்கும், சோற்றைக் கண்டால் குமட்டும். வாரத்தில் இரண்டு நாள் கண்டிக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்றாகிவிட்டது. அதற்காக இடது கையில் இரண்டு இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் தோலுக்குள் ஓயாமல் ஒரு அதிர்வு தெரியும், காது வைத்தால் வண்டு போல இரையும். அது நின்றால் ஆபத்து. அப்பா தினமும் காலையில் என் கையில் காதை வைத்து, "வண்டு பாடுதா?" என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

இப்போது உப்பு கூடாது. வாழைப்பழம், செவ்விளநீர், பலாக்காய், கீரை ஒன்றும் கூடாது. மரக்கறியை வெட்டி ஊறவைத்து, அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி சமைக்க வேண்டும். நனைத்த கடதாசியைத் தின்பது போலிருக்கும். "அவளுக்கு இல்லாதது நமக்கும் இல்ல. இன்னையிலருந்து இந்த வீட்ல உப்பே கெடையாது," என்று அப்பா அறிவித்தார். அம்மா உப்புச் சாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். எனக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

சிறுநீரகம் மாற்றுவதுதான் நிரந்தர வழி என்று டொக்டர் சொன்னபோது, இரண்டு பேருமே கையை நீட்டினார்கள். அம்மாவின் இரத்த வகை பொருந்தவில்லை. அப்பாவுடையது பொருந்தியது. மற்றச் சோதனைகளும் சரியாக வந்தன. கடைசியில் நேர்ஸ் பிரஷர் பார்த்தார். நூற்று எழுபது. பிரஷர் உள்ளவரிடம் சிறுநீரகம் எடுக்க மாட்டார்கள். உப்பைக் குறைத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

"குறைக்கிறதுக்கு வீட்டுல எங்கங்க உப்பு இருக்கு?" என்று அம்மா கேட்டார். அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா விடவில்லை. பத்து நிமிஷத்தில் எல்லாம் வெளியே வந்தது. காலையில் கச்சேரிக்கு முன்னால் உள்ள கடையில் மீன் அடைத்த மாலுபாண். பகலில் கருவாட்டுக் கறியோடு சோறு. பின்னேரம் பஸ் ஸ்டாண்டில் மாங்காய் அச்சாறு. வீட்டில் எங்களோடு உட்கார்ந்து கடதாசியைத் தின்ற மனுஷன், வெளியே இரண்டு பேருக்கு உப்புத் தின்றிருக்கிறார். நான் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கிப் படுத்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அப்பாவுக்கு நான் காவல். பகல் சாப்பாடு வீட்டிலிருந்து போகும். திரும்பி வந்ததும் வாயைத் திறந்து ஊதிக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பலாபத்வலை டிஸ்பென்சரிக்கு நானே கூட்டிப்போய் பிரஷர் பார்ப்பேன். நூற்று முப்பது, நூற்று இருபத்தெட்டு என்று அழகாக இறங்கியது. அப்பா நல்ல பிள்ளையாகிவிட்டார் என்று அம்மாவிடம் சான்றிதழ் கொடுத்தேன்.

மாதம் முடிந்து கண்டிக்குப் போனோம், போன உடனே அப்பாவுக்குப் பிரஷர் பார்த்தார்கள். நான் மெஷினில் கிடந்தேன், அப்பாவை டொக்டரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். வெளியே வரும்போது அவர் முகம் சரியாக இல்லை. மறுபடியும் நூற்று எழுபதுக்கு மேல்.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஊரில் இறங்கும் பிரஷர் கண்டியில் ஏறுகிறதென்றால், வரும் வழியில் எதையோ வாங்கித் தின்கிறார் என்றுதான் நினைத்தேன். பதினாறு வயது, ஊசி குத்திய கை வலிக்கிறது, தலை சுற்றுகிறது. திரும்பும் பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "ஒங்களுக்குக் குடுக்க விருப்பமில்லன்னா சொல்லிருங்கப்பா. திருட்டுத்தனமா உப்பத் தின்னு பிரஷர ஏத்திக்கிட்டு ஏன் நடிக்கிறீங்க?"

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.  அப்பா எட்டி எனக்குக் காற்று வரும்படி ஜன்னலைத் திறந்துவிட்டார். அதன் பிறகு ஒரு மாதம் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் காலையில் வந்து என் கையில் காது வைத்துக் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

மூன்றாம் தடவை பிரஷர் பார்க்கப் போகும்போதுதான் எனக்குக் கண் திறந்தது. யுத்தம் நடந்த அந்த நாட்களில் கண்டிக்குள் நுழையும் பாலத்துக்கு முன்னால் சோதனைச் சாவடி. பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிவிடுவார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெண்களைத் தகர மறைப்புக்குள் ஒரு பெண் பொலிஸ் சோதிப்பார். நான் வெளியே வரும்போது அப்பா எப்போதும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருப்பார், ஏதாவது பகிடி சொல்வார். ஆண்கள் வரிசையில் என்ன நடக்கிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்று மறைப்புக்குள் இருந்தவர் புதியவர். நீளக் கைச் சட்டைக்கு மேலாக என் இடது கையைத் தடவியவர், திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டு கத்தினார். உள்ளே ஏதோ ஓடுகிறது, அதிர்கிறது, கட்டும் போட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் குண்டு என்று நினைக்காமல் அவர் வேறு என்ன நினைப்பார்? நான் அசையாமல் நின்று, நோயாளி, சிறுநீரகம் இல்லை, இரத்தம் சுத்திகரிக்கிற இடம் இது என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னேன். அதற்குள் வெளியே அப்பாவின் குரல் கேட்டது. "அவளை ஒண்டும் செய்யாதேங்கோ! வருத்தக்காரப் பிள்ளை! ஐயோ, ஒண்டும் செய்யாதேங்கோ!"

இவ்வளவு நன்றாகச் சிங்களம் பேசுகிற மனுஷன், துவக்கும் கையுமாக நிற்கிற சிப்பாய்களுக்கு நடுவில் யாழ்ப்பாணத் தமிழில் கத்திக்கொண்டிருந்தார். நான் சட்டைக் கையைச் சுருட்டி, கட்டை அவிழ்த்துக் காட்டினேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, "பாவம், நங்கி," என்று தங்கையைக் கூப்பிடுவது போலச் சொல்லி, தானே கட்டைத் திரும்பச் சுற்றிவிட்டு, வெளியே போய் மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தினார்.

அப்பாவைத் தனியே ஒரு ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. அவருடைய அடையாள அட்டை ஒரு சிப்பாயின் கையில் இருந்தது, பிறந்த இடம் எழுதிய பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் இப்படித்தான் நிறுத்தி வைப்பார்களா என்று பஸ்ஸில் கேட்டேன். "சும்மா ரெண்டு கேள்வி கேப்பாங்க. அதுக்கென்ன?" என்றார். சொல்லிக்கொண்டே அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, எடுத்துப் பார்த்து, மறுபடி வைத்தார். இந்தப் பயத்தோடு வாரம் தவறாமல் என்னைக் கூட்டிவந்து, அங்கிருந்து கால் மணி நேரத்தில் பிரஷர் பார்க்கிற இடத்தில் கையை நீட்டியிருக்கிறார். எனக்கு என்னையே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

டொக்டரிடம் நானே போனேன். "பாலத்தைத் தாண்டி வந்த உடனே பார்க்கிறீர்கள், மிஸ். அங்கே அவரை இறக்கி நிறுத்தி வைக்கிறார்கள். ஊரில் பார்த்தால் சரியாக இருக்கிறது," என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்பாவை மூன்று நாள் வாட்டில் படுக்க வைத்தார்கள். முதல் நாள் நூற்று அறுபது. இரண்டாம் நாள் நூற்று நாற்பது. மூன்றாம் நாள் காலையில் நூற்று இருபத்தாறு. அப்பா அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாட்டில் எல்லாரிடமும் காட்டினாராம்.

ஒபரேஷன் முடிந்து நான் கண் விழித்தபோது, கட்டிலின் பக்கத்தில் தொங்கிய பையில் சிறுநீர் நிரம்பிக்கொண்டிருந்தது. நேர்ஸ் அதைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவு அழகான மஞ்சள் நிறத்தை நான் பார்த்ததே இல்லை. அடுத்த வாட்டில் இருந்த அப்பா, மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைக்கு ஒண்ணுக்கு வந்துச்சா?" என்பதுதானாம். அம்மா இரண்டு வாட்டுக்கும் நடுவில் ஓடி ஓடிச் செருப்பைத் தொலைத்தார்.

பஸ்ஸில் கேட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று வருஷங்கள் போயின. நான் வேலைக்குப் போனேன், சம்பளம் எடுத்தேன், மருந்து தவறாமல் போட்டேன், கிளினிக்குக்குப் போய் வந்தேன்.

டொக்டர் மிஸ் ஓய்வுபெறும் முன் நடந்த கடைசிக் கிளினிக்கில், என் கோப்பை மூடிவிட்டு, இனிச் சொல்லலாம் என்று ஆரம்பித்தார். சிறுநீரகம் கொடுக்க வருகிற எல்லாரையும் அவர் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொல்வாராம். மனமில்லை என்றால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள், உடம்பு தகுதியில்லை என்று எழுதிவிடுகிறேன், வீட்டாருக்குக்கூடத் தெரியாது என்று. அப்பாவுக்கு இரண்டாம் தடவையும் பிரஷர் ஏறியிருந்த அன்று, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் சொல்லியிருக்கிறார். காரணம் தேடவும் வேண்டியதில்லை, பிரஷர் கையிலேயே இருந்தது.

"உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? அடுத்த மாதமும் வருவேன் என்றார். அதோடு, இப்படி ஒரு வழி இருப்பது என் மகளுக்குத் தெரிய வேண்டாம் மிஸ், தெரிந்தால் நான் அதில் போய்விடுவேனோ என்று பிள்ளை பயந்துகொண்டே இருப்பாள் என்றார்."

அந்த அறையிலிருந்து வெளியே வந்தவரிடம்தான் நான் பஸ்ஸில் அப்படிக் கேட்டேன்.

வீட்டுக்குப் போனபோது அப்பா முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். "கிரியட்டினின் எவ்வளவு?" என்றார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அந்த இரத்த அளவுதான் எப்போதும் அவருடைய முதல் கேள்வி. சொன்னேன். பிறகு என்னால் முடியவில்லை. "அப்பா, அன்னைக்கு பஸ்ஸுல ஒங்கள அப்படிக் கேட்டுட்டேனே," என்று அழுதுவிட்டேன்.

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. கையில் இருந்த சாரத்தை உதறிக் கொடியில் போட்டார்.

"அன்னைக்கு மெஷின்ல இருந்து எறங்குனதுல இருந்து நீ ஒண்ணுமே சாப்பிடல," என்றார். "மாத்தளையில எறக்கி ஏதாவது வாங்கிக் குடுத்திருக்கணும். எனக்குத் தோணாமப் போச்சு."