கடைசி வீட்டு வோல்டேஜ்

நான் வேலை பார்க்கும் கம்பெனியில் தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டருக்கான காயில்கள் தயாராகின்றன. அவற்றைச் சோதித்து அனுப்புவது என் வேலை. காயிலுக்கு வோல்டேஜ் கொடுத்து, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்ப்பேன். வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் காயிலின் தடை ஓமில் கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் அது எத்தனை வாட் என்பது வரும். இந்தக் கணக்கை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

என் கணவர் வார்ப்பட ஆலையில், வார்த்த இரும்பில் ஒட்டிய மணலைத் தேய்த்து எடுக்கும் கிரைண்டிங் வேலை செய்தவர். கல்யாணம் முடிந்து சங்கரன்கோவில் பக்கமிருந்து ஓசூருக்கு வந்த நாளிலிருந்து அதே வேலைதான். மணல் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தபோது, பஸ் ஸ்டாப் வரைகூட அவரால் நடக்க முடியவில்லை. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். கட்டிலுக்குப் பக்கத்தில் அது நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும். மூக்கில் குழாயை மாட்டியபடி அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்களுடையது லைன் வீடுகளில் கடைசி வீடு. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து எல்லோரும் வந்து, கரண்ட் அடுப்பில் சாதம் வைக்கவும் ஹீட்டரில் வெந்நீர் போடவும் ஆரம்பித்தால் எங்கள் வீட்டு டியூப்லைட் துடிக்கும். சற்று நேரத்தில் மெஷின் கூவிவிட்டு நின்றுவிடும். அவர் இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சுக்குத் தவிப்பார். நான் ஓடிப்போய்ச் சின்ன சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றுவேன். சிலிண்டர் அதிக நேரம் தாங்காது. கரண்ட் மறுபடி ஏறும்வரை அதன் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீட்டு உரிமையாளர் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர்கள் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம். தக்காளி போட்ட நிலத்தில்தான் இந்த வீடுகளைக் கட்டியிருந்தார்கள். அக்கா கெட்டவர் இல்லை. ஆனால் பக்கத்து வீடுகளிலும் புகார் வந்திருந்தது.

“எல்லாம் உங்க மெஷினாலதாம்மா. அது வந்த பின்னாடிதான் இப்பிடி ஆவுது. வேற வீடு பாத்துக்க முடியுமான்னு பாரு” என்றார்.

இந்த நிலையில் அவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

மறுநாள் சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு கிளாம்ப் மீட்டரை எடுத்து வந்தேன். கம்பியைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டும், வோல்டேஜும் காட்டும். எல்லா வீட்டிலும் அடுப்பு ஏறும் நேரமாகப் பார்த்து முன்பக்கம் மீட்டர் போர்டில் வைத்தேன். 226 வோல்ட். எங்கள் கடைசி மூன்று வீடுகளுக்கு வரும் ஒயரில் எட்டு ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. ஓடிவந்து வீட்டுக்குள் பார்த்தேன். 186. நாற்பது வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது.

நாற்பதை எட்டால் வகுத்தால் ஐந்து ஓம். அந்த நீளத்துக்குச் செம்புக் கம்பியில் அரை ஓம்கூட இருக்கக் கூடாது. நாற்பதை எட்டால் பெருக்கினால் 320 வாட். அவ்வளவும் ஒயரில் எங்கோ சூடாகிக்கொண்டிருந்தது.

கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார். “நம்ம மெஷினு எவ்வளவு கரண்டு திங்கிது?”

அதையும் பார்த்தேன். ஒன்றரை ஆம்பியர். சரியாக 220 வோல்ட் வந்தால் 330 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். மோட்டார் என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். ஒயரில் வீணாவதும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று சொன்னேன்.

“அப்போ இந்த லைன்ல நோயாளி ரெண்டு பேரு” என்றார். சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

அக்காவை அழைத்து வந்து கணக்கைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “லெக்கெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. எங்கன்னு காட்டு” என்றார்.

ஒயரைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். பொதுக் குளியலறையின் கூரை ஷீட்டுக்குக் கீழே, இரண்டு ஒயரை முறுக்கிச் சேர்த்த ஒரு ஒட்டு இருந்தது. கறுப்பு டேப் உருகி வழிந்திருந்தது. பக்கத்தில் போகும்போதே கருகிய வாடை. அக்கா அங்கிருந்தபடியே எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். வேறு வீடு பார்க்கும் பேச்சு அதன்பிறகு வரவில்லை. ஒயர் மாற்றிய நாளில், மெஷினோடு என் கணவரைத் தன் ஹாலிலேயே உட்காரவைத்து, ராகிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்.

அதற்குப்பின் மெஷின் நிற்கவேயில்லை. சாயங்காலத்திலும் 220க்குக் குறையாமல் வந்தது. ஆனால் அவருக்கு மூச்சு நாளுக்கு நாள் குறைந்தது. மெஷினில் ஆக்ஸிஜன் அளவை ஏற்ற ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், ஏற்றினோம். பிறகு அதற்குமேல் ஏற்ற வழியில்லை. வோல்டேஜ் ஏதும் குறைகிறதோ என்று டாக்டரிடம் கேட்டேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

“மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. நுரையீரல் வாங்கிக்க மாட்டேங்குது” என்றார் அவர்.

மார்கழிக் குளிரில் ஒரு முற்பகல், காயிலைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவரைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றவர்கள் யாருக்கும் அதைத் தொட மனம் வரவில்லை போலிருக்கிறது. குழாய் தரையில் கிடந்து காற்றை விட்டுக்கொண்டிருந்தது. நான்தான் சுவிட்சை அணைத்தேன்.

காரியம் முடிந்ததும் என் தம்பி ஊருக்குக் கூப்பிட்டான். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அங்கே போய் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இங்கே காலையில் கம்பெனி பஸ் வருகிறது, ஏறிப் போகிறேன். வீட்டில் எந்தச் சத்தமும் இல்லாததுதான் இன்னும் பழகவில்லை. சாயங்காலம் திரும்பியதும் ஃபேனைப் போட்டுவிடுகிறேன், குளிர் நாளாக இருந்தாலும்.